பொடி வந்துவிட்டது, மணலி டவர்கள் ஏன் இன்னும் நிற்கின்றன?

கேள்வி இதுதான். எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தினமும் மணலி வழியாகத்தான் காலேஜுக்குப் போகிறேன். 2025 நோபல் பரிசுக்குப் பிறகு மாஃப் (MOF, உலோகமும் கரிம மூலக்கூறும் சேர்ந்த நுண்துளைப் பொருள்) பொடிகளைப் பற்றி நிறையப் படித்தேன். எத்திலீனையும் ஈத்தேனையும், புரோப்பிலீனையும் புரோப்பேனையும் சாதாரண வெப்பநிலையிலேயே பிரித்துவிடுமாம். அப்புறம் ஏன் சார் ஆலைகளில் இன்னும் அவ்வளவு உயரக் காய்ச்சி வடிக்கும் டவர்கள்? பொடிக்குள் உலோகம் என்னதான் செய்கிறது? இதில் புராஜெக்ட் எடுக்கலாமா?"

தம்பி, நான் பிராசஸ் இன்ஜினியர். வேலை பார்த்த வருஷங்களில் பெரும்பகுதி மணலிப் பக்கம்தான் கழிந்தது. நடுவில் மூன்று வருஷம் ஓர் ஆய்வகத்தில் இந்தப் பொடிகளோடு மல்லுக்கட்டினேன். அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் ஒரு திருத்தம். உலோகம் கொண்ட நுண்துளைப் பொருள் மணலிக்குள் இன்னும் வரவில்லை என்று நினைக்கிறீர்கள். அது வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அங்கே தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் சலவைத்தூளுக்கு மூலப்பொருளான லீனியர் அல்கைல் பென்சீன் தயாராகிறது. அதற்கு மண்ணெண்ணெயிலிருந்து நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களை மட்டும் பொறுக்கியெடுக்க வேண்டும். பொறுக்குவது ஜியோலைட் உருண்டைகள். வாயு நிலையில் இல்லை, திரவ நிலையில் நடக்கிறது. ஆனால் தத்துவம் அதேதான். 'ஏ' வகை ஜியோலைட்டை அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து கட்டிய ஒரு கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டின் வாசலில் உலோக அயனிகள் காவலுக்கு உட்கார்ந்திருக்கும். சோடியம் உட்கார்ந்தால் வாசல் சுமார் 4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), பெரிய உருவமான பொட்டாசியம் உட்கார்ந்தால் 3. கால்சியம் வந்தால் 5 ஆகிவிடும், ஏனென்றால் இரண்டு சோடியம் பார்த்த வேலைக்கு ஒரு கால்சியம் போதும். காவலுக்கு ஆள் குறைந்தால் வழி அகலமாகிறது. நேர்ச்சங்கிலி மூலக்கூறு பாம்பு மாதிரி உள்ளே போய்விடும், கிளைச்சங்கிலிக்குத் தோள் இடிக்கும்.

இன்னொரு ஜியோலைட்டை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கலாம். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், சென்னையில் எத்தனையோ வீடுகளில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடியது. சில விநாடிக்கு ஒருமுறை 'டக்... புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இரண்டு குழல்கள், இரண்டிலும் ஜியோலைட். ஒன்றில் அழுத்தத்தோடு காற்றைத் தள்ளினால், லித்தியம் அல்லது சோடியம் அயனிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக்சிஜன் மேலே வந்துவிடும். குழல் நிரம்பியதும் வால்வு மாறி அழுத்தம் இறங்கும், பிடித்து வைத்த நைட்ரஜன் 'புஸ்ஸ்' என்று வெளியேறும். அதே நேரம் அடுத்த குழல் வேலையைத் தொடங்கியிருக்கும். அந்தப் 'புஸ்ஸ்'தான் நமக்கு முக்கியம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எத்திலீன் கதை. கோயம்பேடு மாங்காய் மண்டியால் இந்தப் பெயர் உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். கார்பைடு கல்லுக்குத் தடை, பழுக்கவைக்க அதற்குப் பதிலாக 100 பி.பி.எம். வரை எத்திலீன் வாயு விடலாம் என்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் விதி. அதே எத்திலீன்தான் பால் பாக்கெட்டாக, தண்ணீர்க் கேனின் மூடியாக, குழாயாக மாறுகிறது. ஈத்தேனையோ, கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாஃப்தாவையோ நீராவியோடு 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி உடைத்தால் எத்திலீன் கிடைக்கும். ஆனால் உடையாத ஈத்தேனும் கூடவே வரும். ஈத்தேனில் ஆறு ஹைட்ரஜன், எத்திலீனில் நான்கு. வித்தியாசம் அவ்வளவுதான். எத்திலீன் −104 டிகிரியில் கொதிக்கும், ஈத்தேன் −89ல். விட்டத்தைப் பார்த்தால் ஒன்று 4.2 ஆங்ஸ்ட்ராம், மற்றது 4.4. புரோப்பிலீன், புரோப்பேன் ஜோடி இன்னும் மோசம். கொதிநிலையில் ஐந்தாறு டிகிரிதான் வித்தியாசம்.

(மணலியில் இப்படி உடைக்கும் ஆலை, அதாவது எத்திலீன் கிராக்கர், கிடையாது. அதற்கு ஹால்டியா, பானிபட், ஹசீரா, தாஹேஜ் பக்கம் போக வேண்டும். நம் ஊர்க் கதை புரோப்பிலீன். சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அது பக்கத்து ஆலைகளுக்குப் போய், புரோப்பிலீன் ஆக்சைடாகி, பாலியால் ஆகி, கடைசியில் நீங்கள் படுக்கும் ஃபோம் மெத்தையாகிறது.)

ஐந்து டிகிரி வித்தியாசத்தை வைத்துக் காய்ச்சி வடிக்க வேண்டுமென்றால் டவருக்குள் 150, 200 தட்டுகள் வேண்டும். உச்சியில் வரும் வாயுவைக் குளிரவைத்துப் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளேயே ஊற்ற வேண்டும். ஒரு கிலோ புரோப்பிலீன் வெளியே வர, பத்துக் கிலோவுக்கும் மேல் திரும்பத் திரும்பக் கொதித்து இறங்கும். 2016ல் டேவிட் ஷோல், ரையன் லைவ்லி இருவரும் நேச்சர் இதழில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: எத்திலீனையும் புரோப்பிலீனையும் தூய்மைப்படுத்துவதற்கு மட்டுமே உலகின் மொத்த ஆற்றலில் சுமார் 0.3 சதவீதம் செலவாகிறது. இரண்டு வாயுவைப் பிரிக்க அவ்வளவு! மாஃப் ஆய்வுக் கட்டுரைகளில் பாதி இந்த எண்ணில்தான் தொடங்கும்.

சரி, உலோகம் என்ன செய்கிறது? உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாதபோது குணத்தை வைத்துப் பிரிக்கிறது. எத்திலீனிடம் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அதில் எலக்ட்ரான் மேகம் கொஞ்சம் தளர்வாக வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளி, செம்பு, பிளாட்டினம் போன்ற உலோக அயனி அருகில் இருந்தால் எத்திலீன் தன் எலக்ட்ரானில் கொஞ்சம் கொடுக்கும், உலோகமும் வேறொரு வழியாகக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் பிணைப்பு. ஈத்தேனிடம் கொடுக்க ஒன்றுமில்லை, அதனால் அது பட்டும் படாமலும் நகர்ந்துவிடும். இது புதிய விஷயமே இல்லை. டென்மார்க்கின் சைசே, பிளாட்டினம் உப்பை ஆல்கஹாலில் கொதிக்கவைத்து எத்திலீன் ஒட்டிய மஞ்சள் உப்பை எடுத்தது 1820களின் கடைசியில். அது ஏன் ஒட்டுகிறது என்ற விளக்கம் 1950களில்தான் வந்தது.

மாஃப் இதில் சேர்த்தது இடம். உலோக முடிச்சுகளைக் கரிம மூலக்கூறுக் கம்புகளால் இணைத்துக் கட்டிய சாரம் என்று மனதில் வையுங்கள். வீடு கட்டும்போது சவுக்குக் கம்பில் சாரம் கட்டுவார்களே, அதேதான். கம்பு நீண்டால் அறை பெரிதாகும், முடிச்சை மாற்றினால் குணம் மாறும். ராப்சன், கிடகாவா, யாகி மூவருக்கும் பரிசு கிடைத்தது இந்தக் கட்டுமானக் கலைக்காகத்தான். செம்பும் டிரைமெசிக் அமிலமும் சேர்ந்த எச்.கே.யூ.எஸ்.டி-1 என்ற பழைய மாஃபை எடுத்துக்கொள்ளுங்கள். 1999ல் ஹாங்காங்கில் பிறந்தது. ஒரு கிராம் பொடியின் உள்பரப்பு சுமார் 1,800 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். அப்படியென்றால் ஒரு ஸ்பூன் நுனியில் எட்டு கிரவுண்டு! அண்ணா நகரில் என்ன விலை போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிளஸ் டூவில் படித்த 'பரப்புக் கவர்தல்' என்ற சொல்லுக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான்.

இந்த வகையில் பேர்பெற்றது இரும்பு கொண்ட மாஃப்-74. 2012ல் பெர்க்லியில் ஜெஃப்ரி லாங் குழு சயின்ஸ் இதழில் வெளியிட்டது. தேன்கூடு மாதிரி அறுகோணக் குழல்கள், குறுக்கே 11 ஆங்ஸ்ட்ராம். எத்திலீன், ஈத்தேன் இரண்டும் கை வீசிக்கொண்டு உள்ளே போகலாம், சல்லடைக்கு இங்கே வேலையே இல்லை. குழல் சுவரில் வரிசையாக இரும்பு. ஒவ்வொரு இரும்புக்கும் ஆறு இருக்கை, ஐந்தில் ஆள் உண்டு. ஆறாவதில் தயாரிக்கும்போது கரைப்பான் மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். வெற்றிடத்தில் சூடாக்கினால் அது எழுந்து போய்விடும், இருக்கை காலி. அந்தக் காலி இருக்கையில் எத்திலீன் வந்து அமர்கிறது. 45 டிகிரியில், அதாவது நம் சித்திரை வெயிலில், கிட்டத்தட்ட இரும்புக்கு ஒன்று என்ற கணக்கில். இதில் −100 டிகிரி தேவையில்லை, 200 தட்டும் தேவையில்லை.

ஆய்வகத்தில் இதைப் பார்ப்பது ஒரு சுகம். விரல் நீளத்தில் கால் அங்குல ஸ்டீல் குழாய், அதற்குள் ஒரு கிராம் பொடி, இரண்டு முனையிலும் கண்ணாடிப் பஞ்சு. ஒருபக்கம் சரிபாதி கலந்த வாயுவை விடுவோம், மறுபக்கம் எந்த வாயு எவ்வளவு வருகிறது என்று காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப். முதலில் ஈத்தேனின் சிகரம் மட்டும் எழும். எத்திலீன் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் அப்படியே போகும். பிறகு சட்டென்று எத்திலீன் தலைதூக்கும். அதற்குப் பேர் பிரேக்த்ரூ. முதல் முறை பார்த்தபோது பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் தம்பி, அந்தக் கோடு காட்டுவது பிடித்ததை மட்டும்தான். ஆலைக்கு வேண்டியது பிடித்து வைத்த எத்திலீன். அது குழாய்க்கு வெளியே இன்னும் வரவில்லை, பொடிக்குள் இருக்கிறது. இங்கேதான் அந்தப் 'புஸ்ஸ்'. கான்சன்ட்ரேட்டரில் பிடிபடுவது நமக்கு வேண்டாத நைட்ரஜன். வெளியே ஊதித் தள்ளினால் முடிந்தது. இங்கே பிடிபட்டதுதான் சரக்கு. பாலிமர் தயாரிக்க எத்திலீன் 99.9 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக வேண்டும். குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கினால், பொடிகளின் இடைவெளியில் தங்கியிருந்த ஈத்தேனும் சேர்ந்து வரும். அதை விரட்ட, ஏற்கெனவே சுத்தமாக்கிய எத்திலீனில் ஒரு பங்கை விட்டு அலச வேண்டும். பிறகு வெற்றிடம் வைத்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியது ஒரு பார் அழுத்தத்துக்கும் (ஏறக்குறைய சாதாரண காற்றழுத்தம்) கீழே வரும், அதை மறுபடி கம்பிரசரில் ஏற்ற வேண்டும். கம்பிரசர் கரன்ட் பில்லை யார் கட்டுவது? எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு விலை கொடுத்துத்தான் விடுவிக்க முடியும். இரும்பு மாஃபில் எத்திலீன் ஒட்டும்போது மோலுக்குச் சுமார் 45 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். பெரிய டவரில் அந்த வெப்பம் போக்கிடம் இல்லாமல் பொடியையே சூடாக்கும், சூடான பொடி குறைவாகத்தான் பிடிக்கும். வெள்ளி ஏற்றிய ஜியோலைட்டில் பிடி இன்னும் இறுக்கம், விடுவிப்பது இன்னும் சிரமம்.

அதனால்தான் எனக்கு 2012 இரும்பைவிட 2018 இரும்பின் மேல் மதிப்பு அதிகம். பாங்லின் சென் குழுவினர் அதே மாஃபின் இரும்பில் ஆக்சிஜனை ஏற்றி, பெராக்சைடாக அந்த இருக்கையை நிரப்பிவிட்டார்கள். இப்போது கதை தலைகீழ். ஈத்தேனின் ஹைட்ரஜன்கள் அந்த ஆக்சிஜன்களில் மாட்டிக்கொள்கின்றன. எத்திலீன் சும்மா கடந்து முதலிலேயே, அழுத்தம் குறையாமல், சுத்தமாக வெளியே வருகிறது. தக்காளிக் கூடையில் நல்ல பழத்தையா ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம்? அழுகின நாலைத்தானே எடுத்து எறிவோம்! கிராக்கரில் இந்தக் கட்டத்துக்கு வரும் கலவையில் பெரும்பகுதி எத்திலீன், ஈத்தேன் சிறுபான்மை. சிறுபான்மையைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். என்ன, ஈத்தேனைத் தேர்ந்து பிடிக்கும் திறன் அவ்வளவு பெரிதாக அமைவதில்லை. இந்தக் குறிப்பிட்ட பொருள் காற்றும் ஈரமும் படாமல் பெட்டிக்குள் வைத்துக் கொஞ்ச வேண்டிய ஜாதி.

ஈரம் என்றதும் ஒரு சம்பவம். மேலே சொன்ன செம்பு மாஃபைத்தான் முதலில் தயாரித்தேன். இரவெல்லாம் 150 டிகிரியில் வெற்றிடத்தில் வைத்தால், கரைப்பானும் தண்ணீரும் போய் ஆழ்ந்த கருநீலத்துக்கு வந்துவிடும், கத்தரிப்பூ நிறம் கொஞ்சம் ஓடும். ஐப்பசி மாதம், வெளியே அடைமழை, ஏ.சி. வேறு நின்றிருந்தது. தராசில் எடை போடலாம் என்று குப்பியைத் திறந்தேன். தராசின் எண் நிற்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பொடியின் மேல்புறம் வெளுத்து வானநீலமாகிவிட்டது. சென்னைக் காற்றின் தண்ணீர் அத்தனை காலி இருக்கைகளிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. எத்திலீனைவிட உலோகத்துக்குத் தண்ணீர் நெருங்கிய சொந்தம். அதை எழுப்ப மறுபடி ஓர் இரவு அடுப்பு. இரும்பு மாஃபாக இருந்திருந்தால் கதை இன்னும் மோசம். காற்றுப் பட்டால் இரும்பே ஆக்சிஜனேற்றம் அடைந்து குணம் மாறிவிடும், திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆலை வாயு உலர்ந்துதான் வரும், அதற்கும் 3ஏ ஜியோலைட்தான் (எத்திலீன் அந்த வாசலில் நுழையாது என்பதால்). ஆனால் ஆலை என்றால் என்றாவது ஒருநாள் ஏதாவது தடுமாறும். பெயர் வேண்டாம், ஓர் ஆலையில் எல்.பி.ஜி.யிலிருந்து புரோப்பிலீனைப் பிரிக்கச் சோதனை அளவில் வெள்ளி ஏற்றிய உருண்டைகளை வைத்தோம். மூன்று வாரம் பிரமாதமாக ஓடியது. மேலே கந்தகம் நீக்கும் யூனிட் ஒரு ராத்திரி சரியாக ஓடவில்லை, எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. குழாயைத் திறந்தபோது வெள்ளை உருண்டைகள் கன்னங்கரேல். வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே வெள்ளி சல்ஃபைடுதான். கொலுசை விபூதி போட்டுத் தேய்த்துவிடலாம். ஆங்ஸ்ட்ராம் அளவுத் துளைக்குள் யார் விபூதி போடுவது? அந்த ராத்திரி காய்ச்சி வடிக்கும் டவர் எப்போதும்போல ஓடியது. அதற்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்தாலும் ஒன்றுதான், தண்ணீர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளிக்கும் செம்புக்கும் இன்னொரு கண்டமும் உண்டு. அசிட்டிலீன் அதிகம் வந்தால் வெடிக்கும் தன்மையுள்ள அசிட்டிலைடு உருவாகலாம்.

சல்லடை வழியை விட்டுவிட்டால் நியாயமில்லை. சவுதி அரேபியாவின் கவுஸ்ட் பல்கலைக்கழகத்தில் எடாவுதி குழு 2016ல் நிக்கல், நியோபியம், ஃபுளூரின், பைரசீன் சேர்த்து ஒரு மாஃப் செய்தது. வாசல் எவ்வளவு கச்சிதம் என்றால் புரோப்பிலீன் உள்ளே, புரோப்பேன் வெளியே. 2018ல் வந்த யூ.டி.எஸ்.ஏ-280 எனக்கு ரொம்பப் பிடித்தது. வெறும் கால்சியமும் ஸ்குவாரிக் அமிலமும், தண்ணீரிலேயே தயாராகும், எத்திலீன் போகும், ஈத்தேன் போகாது. இங்கே உலோகம் யாரையும் கைப்பிடித்து அழைப்பதில்லை, சுவரைச் சரியான இடத்தில் நிறுத்துவதோடு சரி. காலி இருக்கை இல்லாததால் தண்ணீரால் தொல்லையும் குறைவு. ஆனால் வாசல் இறுக்கமென்றால் நுழைய நேரம் பிடிக்கும், சனிக்கிழமை ரங்கநாதன் தெரு மாதிரி.

இனி உங்கள் டவர் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். பொடியின் போட்டியாளர் பாடப்புத்தகத்தில் வரும் பழைய டவர் இல்லை. இப்போதைய புரோப்பிலீன் டவர்கள் பலவற்றில் உச்சி வாயுவையே அமுக்கிச் சூடாக்கி அடியில் கொதிக்கவைக்கப் பயன்படுத்துகிறார்கள், ஆற்றல் செலவு பெரிதும் குறைந்துவிடுகிறது. முதலீடு என்றோ திரும்பி வந்துவிட்டது. ஆபரேட்டருக்கு அதன் ஒவ்வொரு இருமலும் தெரியும். இதற்கெதிரே கிராம் கணக்கில் தயாராகும் பொடி வந்து நிற்கிறது. பொடியை அப்படியே டவரில் கொட்டினால் வாயு போகாது, உருண்டையாக்க வேண்டும். அழுத்தினால் துளை நொறுங்கும், பசை சேர்த்தால் துளை அடைபடும். கரிமக் கம்புகளின் விலையை ஜியோலைட் விலையோடு ஒப்பிட்டுப் பேசவே கூச்சமாக இருக்கும்.

மாஃப் எங்கே ஜெயித்திருக்கிறது என்று பாருங்கள், காரணம் தெரியும். கால்ஃப்-20 என்ற துத்தநாக மாஃபை பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் டன் கணக்கில் தயாரிக்கிறது, கார்பன் டை ஆக்சைடு பிடிக்க கனடாவின் ஸ்வாந்தே பயன்படுத்துகிறது. அதைவிட அதிகம் பிடிக்கும் பொருள்கள் இருக்கின்றன. இது தேறியது ஈரத்தைத் தாங்கியதால், பிடித்ததைச் சுலபமாக விட்டதால். 2016லேயே கடைக்கு வந்த இன்னொரு மாஃப், பழங்களில் எத்திலீன் வேலை செய்யாமல் தடுக்கும் வாயுவை மெதுவாக வெளியிடும் ரகம். ஆக, கோயம்பேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, மணலிக்கு இன்னும் தூரம். டவரை மொத்தமாகப் பெயர்ப்பது நான் இருக்கும்வரை நடக்கும் என்று தோன்றவில்லை. டவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழலாக நின்று சுமையில் ஒரு பங்கை இறக்குவது, வீணாக எரிக்கும் வாயுவிலிருந்து புரோப்பிலீனை மீட்பது, இதெல்லாம் நடக்கக்கூடியது.

புராஜெக்ட் எடுக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் புதிதாக இன்னொரு மாஃப் செய்து, தனித்தனி வாயுவில் அளந்து, அதிலிருந்து கலவையின் நடத்தையை ஊகிக்கும் ஐ.ஏ.எஸ்.டி. கணக்கில் ஒரு பெரிய செலக்டிவிட்டி (தேர்ந்து பிடிக்கும் திறன்) எண்ணைப் போட்டு முடிக்காதீர்கள். அந்த மாதிரி எண்கள் ஏற்கெனவே மலையாகக் குவிந்து கிடக்கின்றன. கால்சியம் போல மலிவான உலோகத்தில், தண்ணீரில் தயாராகும் ஒன்றை எடுங்கள். உருண்டையாக்குங்கள். ஐம்பது சுற்றாவது பிடித்து விடவையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு பிடித்தது என்பதோடு எவ்வளவு சுத்தமாக, எந்த அழுத்தத்தில் வெளியே வந்தது என்பதையும் எழுதுங்கள். கைடு முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இருபத்தைந்தாவது சுற்றில் ஈர வாயுவைக் கொடுங்கள். அதற்குத் தனியாகக் கருவி வாங்க வேண்டாம். ஐப்பசியில் வைத்துக்கொண்டால் ஜன்னலைத் திறந்தாலே போதும்.